மகளாய் ஏற்கப்பட்ட ஆய்வாளர்

பிற மக்களின் பண்பாட்டை ஆராயச் செல்வோர் அவர்களுள் ஒரு குடும்பத்தாரோடு தங்க நேரிடுகிறது. அங்கு நாம் பெறுவது உறைவிடம் மட்டுமன்று. உறவுமுறையில் ஓர் இடமும் ஆகும். அவ்விடத்திற்குரிய கடமைகளையோ தவறியபின்பே அறிகிறோம்.

ஜீன் பிரிக்ஸ் என்னும் மானிடவியலார் 1963இல் கனடாவின் வடகோடியில் வாழ்ந்த உட்கு என்னும் சிறு இனுவிட் குழுவினரிடம் சென்றார். குடும்பத் தலைவர் ஒருவர் அவரை மகளாக ஏற்றார். (அவரே அங்கு ஆங்கிலிக்கன் வழிபாட்டை நடத்தியவர் என்பது நம் வாசகர் கருதத்தக்கது.) வீட்டார் உணவளித்தனர், மொழி கற்பித்தனர், மகளுக்குரிய பணிவையும் எதிர்பார்த்தனர். வளர்ந்தோர் சினங்காட்டுவது அவர்களிடையே பெருங்குறை. அது குழந்தைகளுக்கே உரியது.

மீன்பிடிக்க வந்த வெள்ளையர் அம்மக்களின் படகொன்றை இரவல் வாங்கிச் சேதப்படுத்தி, மற்றொன்றையும் கேட்டனர். பிரிக்ஸ் வெகுண்டு மறுத்தார். தந்தையோ, கொடுக்கலாம் என்று அமைதியாகக் கூறிவிட்டார்.

பின்னர் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஒருவரும் பிரிக்ஸின் கூடாரத்தை நாடி வரவில்லை. வசைமொழி இல்லை, மரியாதையும் குறையவில்லை. ஆகவே தாம் ஒதுக்கப்பட்டதையே அவர் உடனே உணரவில்லை! அச்சினம் அவர்கள்பொருட்டே எழுந்தது என்று வேற்றூர் இனுவிட் பெண்மணி ஒருவர் கடிதத்தில் விளக்கியபின்பே உறவு சீர்ப்பட்டது.

பிரிக்ஸின் நீதியுணர்வைக் குறைகூற நாம் துணியோம். ஆயினும் படகைக் கொடுப்பதும் மறுப்பதும் உடையவரின் உரிமை. மகள் தந்தையின் இருக்கையில் அமர்ந்துவிட்டாள். 1970இல் வெளியிட்ட நூலில் அவர் இதனை மறைக்கவில்லை. உட்கு மக்கள் சினத்தை எங்ஙனம் கருதினர் என்பதை அவர் முற்றக் கற்றது அந்த மூன்று மாதங்களில்தான்.