இளங்குதிரையின் ஒலி மிரட்சி

வெடி, மேளம், ஏர் ஹாரன் போன்ற திடீர் ஓசையைக் கேட்டதும் குதிரை வெருண்டு விலகுவதும், கட்டுமீறி ஓடுவதும் ஒலி மிரட்சி எனப்படும். அதுவரை அமைதியாக இருந்த இளங்குதிரையிடமும், ஒரே ஒரு மோசமான அனுபவத்துக்குப் பின் இது தோன்றலாம். இதைப் பிடிவாதம் என்று கருதுவது தவறு, இது அச்சம். ஆகவே அடித்துத் திருத்த முடியாது, படிப்படியாகப் பழக்கித்தான் போக்க முடியும்.

காரணம்

குதிரை, கொன்றுண்ணிகளிடமிருந்து ஓடித் தப்பி வாழ்ந்த இனம். மனிதர் ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறோம். குதிரை ஏறத்தாழ 55 முதல் 33,500 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. நம் காதுக்கு எட்டாத கீச்சொலியும் அதற்குக் கேட்கும். ஓசை எங்கிருந்து வருகிறது என்று தெரியாதபோது, முதலில் ஓடிவிட்டுப் பிறகு திரும்பிப் பார்ப்பதே அதன் இயல்பு.

பயிற்சி பெற்ற குதிரைகளும் இதற்கு விலக்கல்ல. 2024 ஏப்ரல் 24 அன்று லண்டனில், கட்டடப் பணியிடத்தில் இடிபாடுகள் மேலிருந்து கொட்டப்பட்ட ஓசையில் பிரித்தானிய அரச குதிரைப்படையின் குதிரைகள் மிரண்டு நகரச் சாலைகளில் ஓடின. வீரர்களும் குதிரைகளும் காயமுற்றனர். சிகிச்சைக்கும் ஓய்வுக்கும் பிறகு அவற்றுள் மூன்று குதிரைகள் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசரின் பிறந்தநாள் அணிவகுப்பில் மீண்டும் கலந்துகொண்டன. மிரட்சி நிரந்தரமன்று என்பதற்கு இது சான்று.

முதலில் செய்ய வேண்டியது

மிரட்சி திடீரெனத் தொடங்கினால், பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதில் உண்ணி அல்லது புண், பார்வைக் குறைவு, பல்வலி, சேணம் அழுத்துவதால் உண்டான முதுகுவலி ஆகியவை குதிரையை எளிதில் மிரளச் செய்யும். வலி இருக்கும்வரை எந்தப் பயிற்சியும் பலிக்காது.

பழக்கும் முறை

1. வேலியிட்ட, வழுக்காத இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். குதிரையைத் தூணில் கட்டாமல், நீண்ட தலைக்கயிற்றைக் கையில் பிடித்துத் தோளருகே நிற்கவும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

2. பதிவு செய்த மேள ஓசையைத் தொலைவில், மிகக் குறைந்த அளவில் ஒலிக்கவிடவும். குதிரை காதைத் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் தீவனம் தின்பதை நிறுத்தக் கூடாது. அதுவே சரியான அளவு.

3. அமைதியாக இருக்கும்போது கேரட் துண்டோ ஊறவைத்த கொள்ளோ சிறிது கொடுக்கவும். கழுத்தும் முதுகும் சேரும் இடத்தைச் சொறிந்துவிட்டால் அதன் இதயத்துடிப்பு தணியும்.

4. தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, மூச்சைத் தளர்த்திய பின்னரே ஓசையை நிறுத்தவும். துள்ளும்போது நிறுத்தினால், துள்ளினால் ஓசை நிற்கும் என்று அது கற்றுக்கொள்ளும்.

5. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஓசையைக் கூட்டுவது, தொலைவைக் குறைப்பது ஆகிய இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். மிரண்டால் முந்தைய படிக்குத் திரும்பவும்.

6. பதிவொலிக்குப் பழகிய பின், உண்மையான மேளத்தைத் தொலைவிலிருந்து கேட்கச் செய்யவும். பதற்றமில்லாத மூத்த குதிரை ஒன்று அருகில் நின்றால் இளங்குதிரை விரைவில் தேறும்.

வளர்ந்த குதிரையின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 முறை துடிக்கும். இளங்குதிரைக்குச் சற்றுக் கூடுதல். தாடையின் அடியில் நாடி பார்த்து, பயிற்சிக்குப் பின் துடிப்பு எவ்வளவு விரைவில் இயல்புக்குத் திரும்புகிறது என்பதைக் குறித்துவந்தால் முன்னேற்றம் தெரியும்.

தவிர்க்க வேண்டியவை

சாட்டையால் அடித்தால், ஓசையோடு வலியும் சேர்ந்து அச்சம் இரட்டிப்பாகும். கிரேக்க எழுத்தாளர் செனபோன், கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே தமது குதிரையேற்ற நூலில் இதை எச்சரித்துள்ளார். இந்தியாவில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960 இன்படி விலங்கை அடித்துத் துன்புறுத்துவது குற்றம். ஒரேயடியாகப் பேரோசைக்கு நடுவே நிறுத்திப் பழக்குவதும் ஆபத்து. அசையாமல் நிற்கும் குதிரை பழகிவிட்டது என்று பொருளல்ல, அது அச்சத்தில் உறைந்தும் நிற்கலாம்.

தென்காசிச் சூழலில்

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை போன்ற ஊர்களில் ஓசைக்குக் குறைவில்லை. குற்றாலச் சாரல் காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாகனங்கள் பெருகும். கோயில் கொடை விழாக்களில் நையாண்டி மேளமும் வேட்டும் இருக்கும். பின்னர் தீபாவளி வரும். பழக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், விழாவுக்குப் பல வாரங்கள் முன்பே தொடங்குவது நல்லது. பழகாத குதிரையை வேட்டு போடும் நாளில் சாலைக்குக் கொண்டுவராமல், பழக்கமான லாயத்தில் துணைக் குதிரையுடனும் போதிய புல்லுடனும் வைத்திருப்பதே அதற்கும் சாலையில் செல்வோருக்கும் பாதுகாப்பு.