மாமான்னா அம்மா! - ஜூலு மொழி கத்துக்கலாமா?

‘தி லயன் கிங்’ படம் ஆரம்பிக்கும்போது, சூரிய உதயத்தோடு ஒரு குரல் ஓங்கி ஒலிக்குமே, ஞாபகம் இருக்கா? அது ஜூலு மொழி. தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் வீட்டு மொழி இதுதான் என்கிறது 2022 கணக்கெடுப்பு. டர்பனுக்கு வேலைக்கோ, டூருக்கோ போனால் ஆங்கிலமே போதும். ஆனால், அந்த மக்களோடு நெருங்கிப் பழக ஜூலு வேணும்.

முதல்ல வணக்கம்

ஒருவரைப் பார்த்தால் ‘ஸாவுபோனா’. பலரைப் பார்த்தால் ‘ஸானிபோனானி’. நேரடி அர்த்தம், ‘உன்னைப் பார்க்கிறோம்.’ பதில், ‘யெபோ’ (ஆமாம்). அடுத்து ‘உன்ஜானி?’ (எப்படி இருக்கீங்க?). கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினாலும் முதலில் வணக்கம்தான். நேரா விஷயத்துக்கு வருவது மரியாதைக் குறைவு. வயதில் மூத்த ஆண்கள் ‘பாபா’. பெண்கள் ‘மாமா’. சிரிச்சுடாதீங்க, அங்கே மாமான்னா அம்மா! தாய்மாமன், ‘மலூமே’.

உச்சுக்கொட்டத் தெரியுமா?

ஜூலுவை ரோமன் எழுத்தில்தான் எழுதுவார்கள். அதில் சி, க்யூ, எக்ஸ் மூன்றும் ‘க்ளிக்’ ஒலிகள். ‘அய்யோ பாவம்’னு உச்சுக்கொட்டுவோமே, அதுதான் சி. பாட்டில் கார்க்கைத் திறக்கும்போது வரும் ‘டொக்’, க்யூ. வண்டி மாட்டை ஓட்டும்போது கடைவாய் ஓரமாக எழுப்பும் சத்தம், எக்ஸ். தனியாகச் சொல்வது ஈஸி. வார்த்தைக்கு நடுவில் சொல்லத்தான் பயிற்சி வேணும்.

இலக்கணம் நமக்குப் பாதி தெரிந்ததுதான். தமிழில் பின்னால் ஒட்டுவதை ஜூலுவில் பெரும்பாலும் முன்னால் ஒட்டுவார்கள். ‘உமுன்டு’ மனிதர், ‘அபன்டு’ மனிதர்கள், ‘உபுன்டு’ மனிதத்தன்மை. ஆமா, அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயர் இதேதான்.

இதைக் கத்துக்காதீங்க

‘ஃபனகாலோ’ என்று ஒரு கலப்பு மொழி உண்டு. சுரங்கங்களிலும் வீடுகளிலும் வேலையாட்களை ஏவுவதற்குப் பயன்பட்டது. ‘எடு, போ, சீக்கிரம்’ எனக் கட்டளைகளே அதிகம். ‘ஈஸி ஜூலு’ என்று யாராவது அதைச் சொல்லிக்கொடுத்தால் ஒதுங்கிடுங்க. கேட்பவருக்கு அது வலிக்கும். இந்திய முகத்தோடு போகும் நமக்கு இன்னும் கவனம் தேவை. 1860-ல் மெட்ராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் போன கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் வாரிசுகள் அங்கே வாழ்கிறார்கள். 1949-ல் டர்பனில் ஆப்பிரிக்கர் - இந்தியர் கலவரமும் நடந்திருக்கிறது. பழைய காயம் உள்ள இடத்தில் ஒரு மரியாதையான ‘ஸாவுபோனா’ நிறைய பேசும்.

மரியாதையும் ஒரு மொழிதான்

கணவர் பெயரைச் சொல்லாத நம்ம ஊர்ப் பாட்டிகளைப் போல, ஜூலுவிலும் ‘ஹ்லோனிபா’ என்ற வழக்கம் உண்டு. மரபுப்படி, மருமகள்கள் மாமனார் பெயரில் உள்ள அசை வரும் சொற்களைக்கூடத் தவிர்த்து, மாற்றுச்சொல் பேசுவார்கள். எதையாவது கொடுத்தால் வலது கையை நீட்டி, இடது கையால் அதைத் தாங்கி வாங்குங்க.

எங்கே ஆரம்பிக்கலாம்?

டுவோலிங்கோவில் ஜூலு இருக்கு. காது பழக ‘உகோஸி எஃப்.எம்’ கேளுங்க. டர்பனை ஒட்டிய குவாமாஷுவில் நடக்கும் ‘உஸாலோ’ சீரியல் பாருங்க. நேரில் போனால், செப்டம்பரில் நொங்கோமாவில் நடக்கும் நாணல் விழாவைப் பார்க்கலாம். போட்டோ எடுக்கும் முன் கேட்டுக்கோங்க.

விடைபெறும்போது, கிளம்புகிறவர் சொல்வது ‘ஸாலா காஹ்லே’ (நல்லா இருங்க). இருப்பவர் சொல்வது ‘ஹம்பா காஹ்லே’ (நல்லபடியா போய்ட்டு வாங்க). மாத்திச் சொன்னா சிரிச்சுக்கிட்டே திருத்துவாங்க. கூச்சப்படாம திரும்பச் சொல்லுங்க!