வாய் திறக்குமுன்...



கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் விடியுமுன்னே இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்புகிறார்கள். 2008-ஆம் ஆண்டில் ஓர் இரவு, அப்படி இரயிலிலிருந்து இறங்கிய வாலிபச் சகோதரர் ஒருவர் வீட்டுக்குச் செல்லாமல் நேராக என்னிடம் வந்தார். சட்டைப் பையில் நான்காய் மடித்த இரத்தப் பரிசோதனைத் தாள். "பாஸ்டர், எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறதாம்" என்றார்.

வேதாகமக் கல்லூரியில் ஆலோசனை ஊழியத்தைப் பாடமாகப் படித்தவன் நான். ஆயினும் என் வாயிலிருந்து புறப்பட்ட முதல் வார்த்தை, "எப்படித் தம்பி வந்தது?" என்பதே. அவர் பதில் சொல்லவில்லை. தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். ஓராண்டு கழித்துத் திரும்பி வந்தபோது காசநோய் அவரை உருக்கியிருந்தது. அந்த ஓராண்டும் அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை; மனைவியிடமும் சொல்லவில்லை. என் ஒரு கேள்வியின் விலை அது.

யோபின் நண்பர்கள் மூவரையும் நாம் அறிவோம். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல ஆலோசகர்களே. அவனிடம் பாவத்தைத் தேடி வாய் திறந்தபோதுதான் தவறினார்கள்.

ஆகவே முதலில் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், அழ விடுங்கள். "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேரடியாகக் கேட்க அஞ்ச வேண்டாம். கேட்பதனால் அந்த எண்ணம் பிறப்பதில்லை. ஆம் என்றால் அன்றிரவு அவரைத் தனியே விடலாகாது.

மனம் சற்று அமர்ந்தபின் உண்மையைச் சொல்லுங்கள். ஒரே ஒரு பரிசோதனைத் தாள் முடிவாகாது. அரசு ஆலோசனை மற்றும் பரிசோதனை மையத்தில் வெவ்வேறு முறைகளில் பரிசோதித்து இலவசமாக உறுதி செய்வார்கள். 1986-ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனீதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமியைக் கண்டறிந்தபோது ஏற்ற மருந்து இல்லை. இன்று நிலைமை வேறு. 2004 ஏப்ரல் முதல் அரசு ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகத் தருகிறது. 2017 முதல், தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை உண்டு. தவறாமல் மாத்திரை உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. கர்ப்பிணித் தாய் சிகிச்சை பெற்றால் குழந்தையையும் பெரும்பாலும் காத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இரகசியம். "ஒரு சகோதரருக்காக ஜெபியுங்கள்" என்று உபவாசக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் தொடங்கும் ஜெபக்குறிப்பு, கூட்டம் முடியுமுன் பெயரோடு தெருவுக்கு வந்துவிடும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், நம்மை நம்பிச் சொல்லப்பட்டதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஆனால் இரகசியம் என்பது மனைவியிடம் மறைப்பதல்ல. அவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமே! கணவர் தாமே சொல்லும்படி தைரியப்படுத்தித் துணை நில்லுங்கள். அரசு மைய ஆலோசகரும் உதவுவார்.

கடைசியாக, ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. சிகிச்சையில் இருப்பவரின் பரிசோதனைத் தாளில் "வைரஸ் கண்டறியப்படவில்லை" என்று வரும். அதை வாசித்துவிட்டு, "கிருமி போய்விட்டது, மாத்திரையை நிறுத்துங்கள்" என்று மேடையில் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். கிருமி உடலில் ஒளிந்திருக்கிறது. மருந்தை நிறுத்தினால் மீண்டும் பெருகும். சுகத்துக்காக ஜெபிப்போம், மாத்திரை வேளையை நினைவூட்டுவதும் ஊழியமே.

அன்று எழுந்து போன சகோதரர் இன்றும் அதே இரயிலில் வேலைக்குப் போகிறார். சாப்பாட்டுப் பையில் மாத்திரை டப்பாவும் இருக்கிறது. அவருடைய மனைவிக்குத் தொற்று இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! எப்படி வந்தது என்று நான் இன்றுவரை மறுபடியும் கேட்கவில்லை.

உங்கள் வாசலுக்கும் ஒருவர் மடித்த தாளோடு வரக்கூடும். 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாவைக் காத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆறுதலின் பாத்திரமாக்குவாராக!