மெலிந்த மகளும் கொழுத்த மகனும்

மாலை வேளையில் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளில் ஒரு காட்சி தவறாது. ஒரு கையிற் சோற்றுக் கிண்ணமும் மறு கையிற் கைத்தொலைபேசியுமாக அன்னையொருத்தி பிள்ளையின் பின்னே திரிவாள். திரையிற் பொம்மை ஆடும். பிள்ளையின் வாய் திறக்கும். கவளம் உள்ளே போகும். உண்டது இன்னதென்று பிள்ளை அறியாது.

பிறரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. என் மகளுக்கு இரண்டு வயதானபோது எங்கள் வீட்டிலும் இதே கூத்துத்தான். ஊரிலிருந்து வந்த மாமி, "பிள்ளை நல்லா வத்திப்போச்சுது" என்றார். அன்றோடு என் மனைவிக்கு உறக்கம் போயிற்று. பால்மாவும் முட்டையும் விற்றமின் பாணியும் வீட்டை நிறைத்தன. கிண்ணத்தைக் கண்டாலே குழந்தை அழுதாள்.

கிளினிக்கில் மருத்துவமாது அவளை நிறுத்து, பதிவேட்டில் ஒரு புள்ளியிட்டார். பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண்பிள்ளைக்கு நீலம் என நம் நாட்டுத் தாய்மார் பத்திரப்படுத்தும் புத்தகம் அது. "கோட்டைப் பாருங்கோ ஐயா, பிறந்ததிலிருந்து ஒரே வழியிலைதான் ஏறி வாறா" என்றார்.

ஒரு நாள் நிறையைக் கொண்டு எதையும் தீர்மானித்தல் இயலாது. மாதந்தோறும் இட்ட புள்ளிகளை இணைக்கும் கோடு மேல்நோக்கிச் செல்கின்றதா என்பதே கேள்வி. 3 கிலோவாகப் பிறந்த குழந்தை ஓராண்டில் ஏறக்குறைய 9 கிலோவாகும். அடுத்த ஆண்டிற் கூடுவதோ சுமார் இரண்டரைக் கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் தணியப் பசியுந் தணிகின்றது. இதனை நோயென்று எண்ணி நாம் கலங்குகின்றோம்.

கலக்கம் முற்றிலும் வீணென்று சொல்லேன். 2016ஆம் ஆண்டு நாடளாவிய ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்குப் பதினைந்து பேர் உயரத்துக்கேற்ற நிறையற்றவர்கள். பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். 1973 முதல் திரிபோஷா வழங்கப்பட்டு வந்த நாட்டிலே இந்த நிலை. கொட்டாஞ்சேனையில் நாட்கூலியை நம்பி வாழும் வீடொன்றில், பாணும் தேநீருமே இரவு உணவாகுமாயின், அந்தத் தாயின் அச்சம் வேறு. எங்கள் அச்சம் வேறு.

எங்கள் வீட்டில் அஞ்ச வேண்டியிருந்தது மூத்தவனைப் பற்றி. அவன் கொழுகொழுவென்றிருந்தான். மாமி அவனுக்கு நாவூறு கழித்தாரேயன்றி, யாரும் அவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்லவில்லை. ஏழாந் தரத்திற் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடந்தபோதுதான் நிறை மிக அதிகமென்ற குறிப்பு வீடு வந்தது. நான் அதனை நம்பவில்லை. "வளரும் பிள்ளை" என்றேன். பருமனான பிள்ளையைப் பெற்றோர் சரியான அளவினதாகவே காண்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. பட்டதாரி ஆசிரியனும் அதற்கு விலக்கல்லன். போதாக்குறைக்கு, தென்னாசியருக்கு ஓரளவு பருமனிலேயே நீரிழிவு தொடங்கிவிடுகின்றது. என் தந்தையார்க்கும் அந்நோய் இருந்தது.

2016 முதல் நம் நாட்டுக் குளிர்பானப் போத்தல்களிற் சீனியின் அளவு சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டப்படுகின்றது. எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தவற்றை அன்றிரவுதான் எடுத்துப் பார்த்தேன். யாவும் சிவப்பு. வாங்கி வந்தவன் நானே.

இப்போது எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து உண்கின்றோம். தொலைபேசி அடுத்த அறையில் இருக்கும். மகள் இரண்டு இடியப்பத்தோடு எழுந்துவிடுகிறாள். மூன்றாவதை எடுக்க நீளும் என் மனைவியின் கை, சில நாட்களில் பாதி வழியில் நின்றுவிடுகின்றது.