பெயர் அச்சிடப்படாத விரல்கள்



ஜிம் ரீவ்ஸின் குரலை இலங்கையில் அறியாத வானொலி நேயர்கள் குறைவு. அந்தக் குரல் வழியாகவே அமெரிக்காவின் கன்ட்ரி இசை நம்மவர் பலருடைய வீடுகளுக்குள் வந்தது. ஆனால் அவருடைய புகழ்பெற்ற பிற்காலப் பாடல்களில் பியானோவும் வயலின்களும் முன்னுக்கு வந்துவிட்டமையால், அந்த இசைக்கே உரிய ஒரு வாத்தியம் நம் காதுக்குப் போதியளவு எட்டவில்லை. பாடகர் ஓர் அடியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், வழுக்கி எழுந்து விம்முகின்ற ஒரு தந்தி ஒலி அது. பெடல் ஸ்டீல் கிற்றார் என்பர். அதைப் பழைய இசைத்தட்டொன்றில் வாசித்தவர் யார் என்று கண்டறிவது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

இலக்கிய நிகழ்ச்சியில் இதற்கென்ன இடம் என்று கேட்பீர்கள். பெயர் தெரியாத புலவரை, அவர் பாட்டில் வந்த ஓர் உவமையைக் கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்று அழைத்தவர்கள் நாம். நல்ல தனிப்பாடல் எது அகப்பட்டாலும் ஒளவையார் பேரிலோ கம்பர் பேரிலோ ஏற்றிவிட்டவர்களும் நாமே. இசைத்தட்டு ஆராய்ச்சியிலும் இந்த இரண்டு பழக்கங்களும் உண்டு.

1950களில் வெளிவந்த கன்ட்ரி இசைத்தட்டு ஒன்றின் நடுவிலுள்ள வட்டத் தாளைப் பாருங்கள். பாடகர் பெயர் இருக்கும். பாட்டை இயற்றியவர் பெயர், கம்பனியின் பெயர், ஓர் இலக்கம், இவ்வளவும் இருக்கும். பின்னணியில் வாசித்தவர்களின் பெயர் பெரும்பாலும் இராது. மூன்று மணிநேர ஒலிப்பதிவுக்கு இவ்வளவு என்று தொழிற்சங்கம் வகுத்த கூலியை வாங்கிக்கொண்டு அவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். றால்ஃப் மூனி என்ற கலைஞரின் கதையை எண்ணிப் பாருங்கள். 1956இல் றே பிறைஸ் பாடிப் பெருவெற்றி கண்ட ‘கிறேஸி ஆர்ம்ஸ்’ பாடலை இயற்றிய இருவரில் அவர் ஒருவர். ஆகவே, தாம் வாசிக்காத அந்த இசைத்தட்டில் அவர் பெயர் உண்டு. தாமே வாசித்த எத்தனையோ தட்டுகளில் இல்லை! 2011இல் அவர் காலமானார்.

வாத்தியத்தைப் பற்றி முதலில் சிறிது சொல்லியாக வேண்டும். ஹவாய் தீவுகளிலிருந்து வந்த ஸ்டீல் கிற்றாரே இதன் தாய். கிற்றாரைப் படுக்கையாக வைத்து, இடக்கையில் ஓர் உருக்குத் துண்டைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்கி வாசிப்பது அது. அதில் ஒரு குறை உண்டு. உருக்குத் துண்டு நேரானது. ஆகவே அதன் கீழுள்ள தந்திகள் எல்லாம் ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும். இதற்குப் பரிகாரமாகத்தான் கால் பெடல்களைச் சேர்த்தார்கள். பெடலை மிதித்தால் குறித்த தந்தி மட்டும் இறுகி அதன் சுருதி உயரும். மற்றவை இருந்தபடி இருக்கும். கலிஃபோர்ணியாவில் போல் பிக்ஸ்பி என்பவர் இத்தகைய கிற்றார்களைக் கையாலேயே செய்து கொடுத்தார். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓடிய மனிதர் அவர். இரும்பும் கம்பியும் அவருக்குப் பணிந்தன போலும்.

பெடல் வந்தவுடன் விம்மலும் வந்துவிடவில்லை. இந்த ஆராய்ச்சிக்கு அச்சாணி போன்ற செய்தி இதுவே. தொடக்கத்தில் வாசித்தவர்கள் ஒரு சுரக்கூட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்காகவே பெரும்பாலும் பெடலை மிதித்தார்கள். தந்தி ஓய்ந்திருக்கும் வேளையில் மாற்றம் நடந்துவிடும். கேட்பவர் காதுக்குப் பிடிபடாது. 1953 நவம்பரில் வெப் பியர்ஸ் ‘ஸ்லோலி’ என்ற பாடலைப் பதிவு செய்தபோது, பட் ஐசக்ஸ் என்பவர் தந்தியை மீட்டிவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். இரண்டு தந்திகள் மேலே ஏற, ஒன்று அசையாமல் நின்றது. 1954இல் அந்தப் பாட்டு பதினேழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. நாடெங்கும் ஸ்டீல் கிற்றார் வாசித்தவர்கள் திகைத்துப்போனார்கள். பெடல் வாங்க வசதியில்லாத சிலர், சட்டை மாட்டும் கம்பியை வளைத்துத் தந்தியிலே கட்டிக் காலால் இழுத்துப் பார்த்தார்கள் என்றும் சொல்வார்கள்.

இதனால் ஆராய்ச்சியாளனுக்கு ஒரு கால எல்லை கிடைக்கிறது. விம்மி ஏறும் அந்த ஒலி ஒரு கன்ட்ரித் தட்டில் இருந்தால், அது ‘ஸ்லோலி’க்குப் பிந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஐசக்ஸ் ஒரே பெடலால் ஏற்றிய இரண்டு தந்திகளையும், பின்னர் பட்டி எமன்ஸும் ஜிமி டேயும் இரண்டு பெடல்களாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆகவே அவற்றில் ஒன்று மட்டும் தனியே ஏறுவது கேட்டால், காலம் இன்னும் சற்றுத் தள்ளிப் போகும். (இவ்விருவரும் பெடல்களை ஒன்றுக்கொன்று எதிர் வரிசையில் வைத்துக்கொண்டார்கள். அந்த வரிசைகளுக்கு இன்றும் அவர்கள் பெயர்தான். ஆனால் இசைத்தட்டைக் கேட்டு அந்த வேறுபாட்டைச் சொல்லிவிட எவராலும் இயலாது.) சொல்லாட்சியைக் கொண்டு ஒரு நூலின் காலத்தைக் கணிக்கிறோமே, அந்த முறைதான்.

இப்போது ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். 1949இல் ‘கன்டி கிஸ்ஸஸ்’ என்ற பாடலைப் பாடகர்கள் பலர் போட்டியிட்டுப் பதிவு செய்தார்கள். இயற்றியவரான ஜோர்ஜ் மோகனின் தட்டே பெரிதும் நினைவில் நிற்கிறது. கப்பிட்டல் கம்பனிக்காக எடி கேர்க் பாடியதை இன்று தேடிக் கேட்பவர் அரிது. ஆனால் கன்ட்ரி இசையில் பெடல் ஸ்டீல் ஒலித்த முதல் தட்டு என்று ஆராய்ச்சியாளர் பொதுவாகச் சுட்டுவது கேர்க்கின் தட்டைத்தான். வாசித்தவர் ஸ்பீடி வெஸ்ட். 1948இல் பிக்ஸ்பியிடமிருந்து பெடல் கிற்றாரைப் பெற்றவர் அவர். ‘ஸ்லோலி’க்குப் பழகிய காதோடு கேட்பவர் இதில் பெடலே இல்லை என்று சாதிக்கக்கூடும். பெடல் இருக்கிறது, விம்மல்தான் இல்லை. காது ஒன்றை மட்டும் நம்பினால், முதல் தட்டே நம் கையை விட்டு நழுவிவிடும்.

ஆயினும் காதைத் தள்ளிவிடவும் முடியாது. வெஸ்ட் உருக்குத் துண்டைத் தந்திகளின் மேல் ‘டமார்’ என்று போட்டு, இடி விழுந்தாற்போல ஓர் ஓசை எழுப்புவார். அதைப் போன்று செய்தவர் வேறொருவர் இல்லை என்றே நான் சொல்வேன். மூனியின் விரல்களோ மேற்தந்திகளில் மழைத்துளி போலக் குறுகிய, விரைந்த சுரங்களைச் சிதறும். 1964இல் பக் ஓவன்ஸ் பாடிய ‘டுகெதர் அகெய்ன்’ பாடலில் ரொம் பிறம்லி வாசித்த தனிப்பகுதி அதற்கு நேர்மாறு: அவசரமே இல்லாத வாசிப்பு. இந்தப் புகழால் ஒரு தொல்லையும் விளைந்தது. பக் ஓவன்ஸ் பாட்டென்றால் கிற்றார் பிறம்லிதான் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் பிறம்லி அக்குழுவில் சேர்ந்தது 1963இல். 1959இல் வந்த ‘அண்டர் யுவர் ஸ்பெல் அகெய்ன்’ பாட்டில் வாசித்தவர் மூனி. ஊன்றிக் கேட்டால் மழைத்துளி அங்கே விழுவது தெரியும்.

நல்லதெல்லாம் பெரியவர் வாசித்ததே என்ற இந்த எண்ணம்தான், என் கருத்தில், ஆராய்ச்சியின் முதற் பகை. யாரோ ஒரு சிற்றூர்க் கலைஞர் தம் வாழ்நாளில் ஒரேயொரு தட்டில் அருமையாக வாசித்திருப்பார். அதைக் கேட்ட இரசிகர், “இது எமன்ஸ் அல்லாமல் வேறு யார்?” என்பார். எமன்ஸுக்கு அதனால் வந்து சேரும் பெருமை ஒன்றுமில்லை. மற்றவருக்கோ இருந்த ஒன்றும் போய்விடுகிறது.

ஆகவேதான் காகிதங்களைத் தேட வேண்டியிருக்கிறது. அமெரிக்க இசைக் கலைஞர் சம்மேளனத்தின் ஒப்பந்தப் படிவங்களில், பதிவு நடந்த நாள், இடம், பாடல்கள், வாசித்தவர் பெயர்கள், கூலி எல்லாம் எழுதப்பட்டிருக்கும். ஜேர்மனியின் பெயர் ஃபமிலி என்ற இசைத்தட்டுக் கம்பனி, 1975 முதல் பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, இத்தகைய விபரங்களைத் திரட்டிப் புத்தகமாகவே இணைத்தது. அந்தப் பணியை நான் பெரிதும் மதிக்கிறேன். வாசித்தவர்களையே போய்க் கேட்கலாமே என்பீர்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று அமர்வுகளில் இருந்து எழுந்தவர் அவர். வெஸ்ட் ஐந்தாண்டுகளில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளில் வாசித்தார் என்று ஒரு கணக்குண்டு. அதில் ஒரு பாட்டை நாற்பது வருடங்கள் கழித்து நினைவுகூரச் சொன்னால் என்ன செய்வார்?

சொந்தக் காசைக் கொடுத்துச் சில நூறு தட்டுகள் அச்சிடுவித்த பாடகர்களின் விடயத்தில் படிவமும் இராது. அங்கே தட்டையே படிக்க வேண்டும். பாட்டு முடிந்த பின் நடுத்தாள் வரை உள்ள வெறுமையான வளையத்தில், நுண்ணிய எண்கள் கீறப்பட்டிருக்கும். சின்சினாட்டியிலிருந்த றைட் போன்ற அச்சகங்களின் எண் வரிசை தெரிந்தவர், அதிலிருந்து ஆண்டை நெருங்கிவிடுவார். ஆண்டு தெரிந்தால், அப்போது அவ்வட்டாரத்து வானொலி நிலையங்களிலும் நடன மண்டபங்களிலும் யார் வாசித்தார்கள் என்று தேடலாம். அதன் பிறகுதான் காதின் வேலை.

காதைப் பழக்க விரும்பும் நேயர்களுக்கு 1968இல் பேர்ட்ஸ் குழு வெளியிட்ட ‘ஸ்வீட்ஹார்ட் ஒஃப் த றோடியோ’ என்ற இசைத்தட்டைச் சொல்வேன். நாஷ்வில்லில் பதிவானவற்றில் வாசித்தவர் லொயிட் கிறீன். லொஸ் ஏஞ்சலிஸில் பதிவானவற்றில் பெரும்பாலும் ஜே டீ மேனெஸ். எந்தப் பாட்டு எந்த நகரத்தில் பதிவானது என்று முன்கூட்டியே பார்த்துவிடாமல், கிற்றாரை மட்டும் கேட்டு இருவரையும் பிரித்துப் பாருங்கள். பிறகு விபரத்தோடு ஒப்பிடுங்கள்.