கதவு நாலு, கணக்கு இரண்டு

பழைய ராணுவ டிரக்கை வெட்டி நான்கு கதவு வைத்தால் மவுசு கூடுகிறது. விற்கப் போகும்போது அதே கதவுகள்தான் குறுக்கே நிற்கின்றன.

விவரம் தெரிந்தவர் பழைய நிசான் டிரக் வாங்கப் போகும்போது பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போவார். பின் கதவுக்கு மேலே, கூரை வளையும் இடத்தில் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் தகடு. வழுக்கி விழுந்தால் பட்டி. பெயின்டின் பளபளப்பை அவர் கண்டுகொள்வதே இல்லை.

இந்த வண்டிகளின் பூர்வீகம் ஜபல்பூர். அங்குள்ள ராணுவத் தொழிற்சாலைகள் 1960களில் தொடங்கி, ஜப்பானின் நிசான் நிறுவனத்திடம் உரிமம் பெற்று இரண்டு வண்டிகளைத் தயாரித்தன. ஒன்று நிசான் பேட்ரோலை ஒட்டிய ஜோங்கா. 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்பிளி' என்பதன் சுருக்கம்தான் இந்தப் பெயர். மற்றொன்று ஒரு டன் சுமக்கும் டிரக். இரண்டுமே நான்கு சக்கரத்திலும் இழுவை கொண்டவை. ஜோங்காவின் 3,956 சிசி ஆறு சிலிண்டர் என்ஜின் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். ராணுவத்துக்கு அது பிரச்னை இல்லை. ஏலத்தில் எடுத்தவர்களுக்குத்தான் கையைக் கடித்தது.

அதனால் சிவிலியன் கைக்கு வந்ததும் முதல் அறுவை சிகிச்சை என்ஜினுக்கு. பெட்ரோல் போய் டீசல் வந்தது. அடுத்தது பாடி. ஒரு டன் டிரக்கின் முன் கேபினில் டிரைவரோடு சேர்த்து ஓரிருவர்தான் உட்கார முடியும். குடும்பத்தோடு போக வேண்டுமென்றால்? கேபினின் பின் சுவரை வெட்டு, நடுவில் ஒரு தூண் நிறுத்து, கூரையை நீட்டு, சரக்குப் பெட்டியைக் குறுக்கு. இன்னொரு வண்டியின் கதவுகளைக் கொண்டுவந்து பொருத்து. கதவு நான்காகிவிடும்.

ஹரியானாவும் பஞ்சாபும் சந்திக்கும் மண்டி டப்வாலி, இப்படி வண்டிகளை மாற்றிக் கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். திறந்த ஜீப்பில் பெயரெடுத்த அந்த ஊர் வேலை நாடெங்கும் போகிறது. கிரிக்கெட் வீரர் தோனி 2019இல் ராஞ்சித் தெருக்களில் ஜோங்கா ஓட்டிப் போன படங்கள் வெளியானதும், அந்தப் பெயரையே கேள்விப்படாத இளைஞர்கள்கூட அதைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஆனால் வண்டி கிடைக்க வேண்டுமே! ஜோங்கா உற்பத்தி 1999இல் நின்றுவிட்டது. 15 வயது தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்காமல் உடைப்புக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பாதுகாப்புப் பணிக்கான சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. ஆக, இருப்பதை வைத்துத்தான் இனி வியாபாரம்.

கிராக்கி இருக்கிறது, சரக்கு இல்லை. விற்பவருக்கு யோகம் என்று தோன்றும். அவர் ஆர்.சி. புத்தகத்தைத் திறக்கும் வரைதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரித்தவர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. கலர் மாற்றலாம். அமைப்பை மாற்ற முடியாது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நான்கு கதவு, டீசல் என்ஜின், கூடுதல் சீட் என்று எண்ணத் தொடங்கினால் தலை சுற்றும்.

'வின்டேஜ்' என்று பதிந்துவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். 2021 ஜூலையில் அதற்கென்றே தனி விதிகள் வந்தன. 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் வரிசை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். ஆனால் வண்டி சொந்த உபயோகத்துக்கானதாக இருக்க வேண்டும். முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். பெரிய இடி அடுத்த வரியில்: சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். அப்படியே கிடைத்தாலும் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம்.

ஜெர்மனியில் கதை வேறு. ஃபோக்ஸ்வாகன் தன் டிரக்கில் இரட்டை கேபினை 1958இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முன்பே 1953 முதல் பின்ஸ் என்ற பாடி கட்டும் நிறுவனம் அவற்றை மாற்றிக் கொடுத்துவந்தது. இன்று சேகரிப்பாளர்கள் பின்ஸ் வண்டி என்றே கேட்டுத் தேடுகிறார்கள். யார், எப்போது மாற்றினார் என்பதற்கு அங்கே ஆதாரம் இருக்கிறது. இங்கே பட்டறைக்காரர் ரசீது கொடுத்திருந்தாலே அதிசயம்.

விற்பவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு ஒளிக்காமல் சொல்வதுதான். ராணுவ ஏலக் காகிதம், சேசிஸ் நம்பரின் பென்சில் பிரதி, என்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் ஒப்புதல் கொடுத்திருந்தால் அது, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் சீட் எண்ணிக்கை எல்லாவற்றையும் முதலிலேயே மேஜையில் வைக்க வேண்டும். வாங்குபவர் ஒன்றை மறக்கக் கூடாது. காகிதத்தில் இரண்டு பேர், வண்டியில் ஆறு பேர் என்ற நிலையில் விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் எண்ணுவது கதவுகளைத்தான்.

காந்தம் தகட்டைத்தான் சோதிக்கும். ஆர்.சி.யைப் படித்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே.