கீழிருந்து எழும் உலகமயம்: இரு பம்பாய்த் தமிழர் காட்டிய வழி

"உலகமயம்" என்றதும் வெளிநாட்டுக் கம்பெனியும் வெளிநாட்டுச் சாமானும்தான் நம்மவர் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் சூட்சுமத்தை உலகுக்கு விளக்கிய அறிஞர்களுள் ஒருவர் பம்பாயில் பிறந்த தமிழர்.

அவர் பேராசிரியர் அர்ஜுன் அப்பாதுரை. 1949-ல் பிறந்தவர். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் பிரசார மந்திரியாக இருந்த எஸ்.ஏ. அய்யரின் புதல்வர். எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்கா சென்றார்.

ஐந்து ஓட்டங்கள்

மனிதர், பணம், தொழில்நுட்பம், செய்தியும் சினிமாவும், அரசியல் கருத்துகள் ஆகிய ஐந்தும் நாடு விட்டு நாடு ஓடுகின்றன. ஆனால் அவை ஒன்றோடொன்று இசைந்து ஓடுவதில்லை என்று 1990-ல் அவர் எழுதினார். பணம் நொடியில் எல்லை தாண்டிவிடும். பிழைப்புத் தேடிப் போகும் மனிதனோ வாசலிலேயே நிறுத்தப்படுவான்.

பொருளாதாரம் நாட்டின் கையை விட்டு நழுவும்போது, பெரும்பான்மையோரின் அச்சமும் ஆத்திரமும் சிறுபான்மையோர் மீது திரும்புகின்றன என்பது 2006-ல் வெளியான அவரது நூலின் கருத்து. பிழைக்க வந்தவர் மீது ஆத்திரம் திரும்புவது இந்நகருக்குப் புதிதல்ல. 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கூச்சலை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தச்சரின் பாதை

இதற்கு மாற்று வழியை அப்பாதுரை மும்பைக் குடிசைகளில் கண்டார். அங்கே உழைத்தவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, 1960களில் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்தவர். அவர் வாழ்ந்த ஜனதா காலனி 1976-ல், நெருக்கடி நிலையின்போது இடிக்கப்பட்டது. அங்கிருந்தவர்கள் சீட்டா கேம்புக்கு அனுப்பப்பட்டார்கள்.

அற்புதம் சோர்ந்துவிடவில்லை. குடிசைவாழ் மக்களைத் தேசிய அளவில் ஒன்று திரட்டினார். பெண்கள் தினமும் சிறு தொகை சேமித்தார்கள். தங்கள் குடிசைகளைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். கணக்கில் இல்லாதவனை விரட்டுவது சுலபம். கணக்கைக் கையில் வைத்திருப்பவனோடு அதிகாரி உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

தென்னாப்பிரிக்கக் குடிசைவாசிகள் மும்பைக்கு வந்து இம்முறையைக் கற்றார்கள்; இங்கிருந்தும் அங்கே போனார்கள். 1996-ல் குடிசைவாசிகளின் சர்வதேச அமைப்பு உருவாயிற்று. அற்புதம் அதன் தலைவராக விளங்கினார். 2000-ல் மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன. 2018-ல் காலமானார்.

பெரிய முதலாளிகளின் பணம் மட்டுமா கடல் தாண்டுகிறது? ஏழைப் பெண்களின் சேமிப்பு நோட்டும் தாண்டியிருக்கிறது. சால்களில் சீட்டுப் பிடித்துக் குடும்பம் நடத்தும் நம் பெண்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. பத்துப் பேர் கூடி எழுதி வைக்கும் கணக்குக்கு இத்தனை பலம் உண்டு என்பதே அவர்கள் அறிய வேண்டிய செய்தி.